புக்கானன் கையாலாகாதவரா? அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய பத்தாண்டு பற்றி ஓர் இழை

மணிமுத்தாறு | மார்ச் 2, இரவு 9.14

1850களில் அமெரிக்காவுக்குக் கொஞ்சம் கெட்டியான தலைவர் ஒருவர் வாய்த்திருந்தால் 1861 போர் வந்திருக்காது என்பது என் கட்சி. செனட்டின் பெருந்தலைகளில் கால்ஹூன் 1850லும் கிளே, வெப்ஸ்டர் இருவரும் 1852லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறகு வந்த ஜனாதிபதிகள் பியர்ஸ், புக்கானன் எல்லாம் களிமண் பிள்ளையார்கள். வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

தராசு | மார்ச் 2, இரவு 10.40

மறுக்கிறேன். புக்கானன் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

அவர் பதவியேற்றது 1857 மார்ச் 4. அதற்கு முன்பே, பிப்ரவரியில், உச்ச நீதிமன்ற நீதிபதி கேட்ரனுக்குக் கடிதம் எழுதி ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கின் நிலவரத்தை விசாரிக்கிறார். அடிமை மாநிலங்களைச் சேர்ந்த நீதிபதிகள் ஐந்து பேர் ஏற்கெனவே ஒரு பக்கம். வடக்கிலிருந்து ஒருவராவது சேர்ந்தால்தான் தீர்ப்புக்கு மரியாதை. பென்சில்வேனியாக்காரரான நீதிபதி கிரியருக்குக் கடிதம் போகிறது. புக்கானனுக்கும் அதே மாநிலம்தான். சேர்ந்துகொள்கிறேன் என்று கிரியரிடமிருந்து பதில் வருகிறது. பதவியேற்பு உரையில் புக்கானன், நீதிமன்றம் எந்தத் தீர்ப்பைக் கொடுத்தாலும் நல்ல குடிமக்களோடு சேர்ந்து நானும் மகிழ்ச்சியோடு தலைவணங்குவேன் என்கிறார். இரண்டே நாளில், மார்ச் 6, தீர்ப்பு வந்துவிட்டது. 7க்கு 2. கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது, இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமே இல்லை என்று தலைமை நீதிபதி டானி எழுதினார்.

வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போனவர் "கேள்வி எதுவானாலும் எழுதுவேன்" என்கிற மாதிரி.

தராசு | மார்ச் 2, இரவு 11.05

அரசியல் வட்டாரத்தில் அன்று சந்தேகம் மட்டும்தான் இருந்தது. பதவியேற்பு மேடையில் டானியும் புக்கானனும் ஏதோ கிசுகிசுத்தார்கள் என்று எதிரிகள் பேசினார்கள். கடிதங்கள் வெளிவந்தது பிற்காலத்தில். ஆக அன்றைய சந்தேகம் சரி, இடம்தான் தப்பு: மேடையில் அல்ல, தபாலில்.

சிலேட்டு | மார்ச் 3, காலை 7.20

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஆளை எடை போட முடியுமா? பேரே தராசு.

தராசு | மார்ச் 3, காலை 8.50

சரி, லெகாம்ப்டனை எடுத்துக்கொள்வோம். இது ஒரு கடிதத்தோடு நிற்கவில்லை, நான்கு மாதப் போராட்டம்.

கேன்சஸ் பிரதேசத்தில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கு குடியேறியவர்களே தீர்மானிக்கட்டும் என்பது 1854 சட்டம். நடந்ததோ வேறு. 1855 மார்ச் தேர்தலுக்கு முன் எடுத்த கணக்கெடுப்பில் வாக்குரிமை உள்ளவர்கள் 2,905. பெட்டியில் விழுந்தது 6,307. பக்கத்து அடிமை மாநிலமான மிசௌரியிலிருந்து ஆற்றைக் கடந்து ஆயுதங்களோடு வந்து போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். 1857 அக்டோபரில் ஆக்ஸ்போர்டு என்ற ஒரு குக்கிராமம். வீடுகள் ஆறு, ஓட்டு 1,600க்கு மேல். பெயர்களைச் சின்சினாட்டி நகர முகவரிப் புத்தகத்திலிருந்து வரிசையாகப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஆளுநர் வாக்கர் அதைத் தள்ளுபடி செய்தார். இத்தனைக்கும் அவர் மிசிசிப்பிக்காரர், புக்கானனே அனுப்பிய ஆள்.

இதற்கிடையில் லெகாம்ப்டன் ஊரில் கூடிய அவை ஓர் அரசியல் சட்டத்தை எழுதியது. அதை அப்படியே மக்கள் முன் வைத்தால் தோற்கும். ஆகவே ஒரு வித்தை: ஓட்டுச்சீட்டில் இரண்டே வாய்ப்பு. "அடிமை முறையுடன் இந்தச் சட்டம்", "அடிமை முறை இல்லாமல் இந்தச் சட்டம்". சட்டமே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. "இல்லாமல்" என்பதைத் தேர்ந்தாலும் அங்கே ஏற்கெனவே உள்ள அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள். எதிர்ப்பாளர்கள் புறக்கணித்தார்கள். டிசம்பர் 21ல் "உடன்" 6,226, "இல்லாமல்" 569. அந்த 6,226ல் 2,720 கள்ள ஓட்டு என்பது பிறகு தெரிந்தது. எதிர்ப்பாளர்கள் தனியாக 1858 ஜனவரி 4ல் நடத்திய வாக்கெடுப்பில் சட்டத்துக்கு எதிராக 10,226.

முழுச் சட்டமும் மக்கள் முன் வைக்கப்படும் என்று வாக்கருக்கு வாக்குக் கொடுத்திருந்தவர் புக்கானன். தெற்கு மாநிலங்கள் மிரட்டியதும் வாக்கை விட்டார், வாக்கர் பதவியை விட்டார். அதன்பின் புக்கானன் காங்கிரஸில் ஓட்டுக்கு ஓட்டு வேலை செய்தார். தபால் நிலையப் பதவி, அச்சு ஒப்பந்தம், பணம் எல்லாம் இறங்கின. எதிர்த்த சொந்தக் கட்சி செனட்டர் டக்ளஸின் ஆட்களை இல்லினாய் தபால் பதவிகளிலிருந்து தூக்கினார். 1860ல் கோவோட் தலைமையில் பிரதிநிதிகள் சபைக் குழு விசாரித்தபோது இதெல்லாம் சாட்சியமாகப் பதிவானது. செனட்டில் 33–25 என்று வென்றார். பிரதிநிதிகள் சபையில் 112–120 என்று தோற்றார்.

வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையாரா இவர்?

மணிமுத்தாறு | மார்ச் 3, பகல் 1.02

களிமண்ணை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கேள்வி இன்னும் வலுக்கிறது. வடக்கே பிறந்தவர், அடிமை வைத்திருக்காதவர், ஏன் இப்படி?

தராசு | மார்ச் 3, இரவு 9.30

குணத்தைத் தேடாதீர்கள், கட்சி விதியைத் தேடுங்கள். ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வேட்பாளர் ஆக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1830களில் வந்த விதி, 1936 வரை இருந்தது. அதாவது தெற்கு மாநிலப் பிரதிநிதிகள் சேர்ந்து நின்றால் யாரையும் தடுக்கலாம். அவர்களுக்குப் பிடித்த தெற்கத்தியரை நிறுத்தினால் வடக்கே ஓட்டு விழாது. மிச்சம் யார்? வடக்கே பிறந்து தெற்கத்தியக் கொள்கை பேசுபவர். அன்றைய கேலிப்பெயரைத் தமிழில் சொன்னால் மாவுமூஞ்சி: பிசைந்த மாவு, எந்த அச்சிலும் அழுத்தலாம். பியர்ஸ் 1852ல் 49ஆவது சுற்றில் வந்தார். புக்கானன் 1856ல் 17ஆவது சுற்றில். அவர் அதுவரை பிரிட்டனில் தூதர். கேன்சஸ் சண்டையில் வாயைத் திறக்காமல் இருந்த ஒரே பெரிய தலை. ஊரில் இல்லாததே தகுதி!

அதனால் "இன்னும் கெட்டியான ஆள் வந்திருந்தால்" என்ற வாதம் வாசலிலேயே இடிக்கிறது. கெட்டியான ஆளை வடிகட்டி வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்த சல்லடை அது.

கட்டுமரம் | மார்ச் 4, காலை 6.45

சல்லடை கட்சிக்குள் மட்டுமா? ஐந்தில் மூன்று விதியை விட்டுவிட்டீர்களே. அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் தொகுதி எண்ணிக்கைக்கு ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடு என்பது 1787 அரசியல் சட்டம். 1860 கணக்கில் தென் கரோலினாவில் அடிமைகள் 4,02,406 பேர். மற்ற எல்லோரும் சேர்ந்து 3 லட்சத்துச் சொச்சம். பிரதிநிதித்துவத்துக்கு அது 5.4 லட்சம் ஆகிவிடும். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள தேர்வாளர் எண்ணிக்கையும் இதையொட்டியே.

தராசு | மார்ச் 4, காலை 7.10

உண்மை. கூடவே செனட். மாநிலத்துக்கு இரண்டு இருக்கை. கலிபோர்னியா வரும்வரை சுதந்திர மாநிலம் 15, அடிமை மாநிலம் 15. பிறகு 1858ல் மினசோட்டா, 1859ல் ஓரிகன், ஆக 18க்கு 15. தெற்கு ஏன் கேன்சஸுக்காக அப்படி அடித்துக்கொண்டது என்பதற்கு இந்த எண் போதும். பருத்தி விளையாத புல்வெளியில் அடிமைகளை வைத்து என்ன செய்வது என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது வயல் அல்ல, இரண்டு செனட் இருக்கை.

இதை எழுதியபின் ஒரு யோசனை: "இருக்கை மட்டும்தான்" என்பதும் மிகை. மிசௌரியின் மேற்கு எல்லை மாவட்டங்களில் சணல் தோட்டங்களும் அடிமைகளும் இருந்தார்கள். பக்கத்திலேயே சுதந்திர மாநிலம் வந்தால் ஓடிப்போவது சுலபம். அந்தப் பயம் நிஜம்.

சிலேட்டு | மார்ச் 4, இரவு 8.15

1850 சமரசத்தைப் பேசாமல் 1857க்குத் தாவினால் எப்படி? அங்கே தலைமை வேலை செய்ததே! கிளே சாதித்தாரே!

தராசு | மார்ச் 4, இரவு 10.20

கிளே சாதிக்கவில்லை. மெக்சிகோவிடம் பிடித்த நிலங்களில் அடிமை முறை பற்றிய தகராறுகளை அவர் ஒரே மசோதா மூட்டையாகக் கட்டினார். ஜூலை 31ல் மூட்டை அவிழ்ந்து செனட் தரையில் சிதறியது. காரணம் எளிது: மூட்டையில் ஒவ்வொருவருக்கும் பிடிக்காத ஒரு பொருளாவது இருந்தது, அதற்காக மொத்தத்தையும் எதிர்த்தார்கள். டக்ளஸ் வந்து தனித்தனி மசோதாவாகப் பிரித்தார். கலிபோர்னியா சுதந்திர மாநிலம் என்றதற்கு வடக்கு ஓட்டு + நடுவில் நிற்கும் சிலர். ஓடிப்போன அடிமைகள் சட்டத்துக்குத் தெற்கு ஓட்டு + அதே நடுவில் நிற்கும் சிலர். செப்டம்பரில் எல்லாம் நிறைவேறியது. அத்தனைக்கும் ஆம் என்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சமரசம் என்ற சொல்லே பொருந்தாது. இரு தரப்பும் மாறி மாறித் தோற்றார்கள், அவ்வளவுதான்.

ஜனாதிபதி டெய்லர் ஜூலை 9ல் இறந்து துணை ஜனாதிபதி ஃபில்மோர் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு காரணம். டெய்லர் மூட்டையை எதிர்த்தவர். லூசியானாவில் அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரரும் அவரே. குணத்தைத் தேடாதீர்கள் என்று நேற்று சொன்னேன். இவர் விஷயத்தில் அது கொஞ்சம் உதைக்கிறது.

தராசு | மார்ச் 4, இரவு 10.48

ஓடிப்போன அடிமைகள் சட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்காமல் வடக்கு ஏன் கொதித்தது என்பது புரியாது.

பிடிபட்டவரை ஒரு ஆணையர் முன் நிறுத்துவார்கள். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. "இவர் அடிமைதான்" என்று திருப்பி அனுப்பினால் ஆணையருக்குக் கூலி 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். திருப்பி அனுப்பினால் எழுத்து வேலை அதிகம் என்பது அதிகாரபூர்வ விளக்கம். தப்பிக்க உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வேடிக்கை பார்ப்பவரையும் பிடிக்க வா என்று அழைக்கலாம். வந்தே ஆக வேண்டும். அதுவரை "எங்கோ தெற்கே நடப்பது" என்றிருந்த பாஸ்டன்காரர் கையில் கயிற்றைக் கொடுத்த சட்டம் இது. 1854 ஜூனில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற ஒரே ஒரு மனிதரைக் கப்பலேற்ற ராணுவமும் பீரங்கியும் பாஸ்டன் தெருவில் இறங்கின.

கட்டுமரம் | மார்ச் 5, காலை 9.00

அதே வாரம்தான் கேன்சஸ்–நெப்ராஸ்கா சட்டமும். மே 30ல் பியர்ஸ் கையெழுத்து.

தராசு | மார்ச் 5, பகல் 12.30

ஆமாம். பியர்ஸைப் பற்றி இன்னும் பேசவில்லை, இங்கே பேசலாம். டக்ளஸுக்கு வேண்டியது மேற்கே போகும் ரயில் பாதை, சிகாகோவிலிருந்து. பாதை போட நிலம் பிரதேசமாக வேண்டும். அந்த நிலம் 36 பாகை 30 கலைக்கு வடக்கே. 1820 மிசௌரி ஒப்பந்தப்படி அங்கே அடிமை முறை கூடாது. செனட்டில் தெற்கத்திய ஓட்டு இல்லாமல் மசோதா நகராது. முதல் வரைவில் டக்ளஸ் மழுப்பினார். கென்டக்கியின் டிக்சன், மழுப்பல் போதாது, ஒப்பந்தத்தை ரத்து என்றே எழுது என்றார். 1854 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. பியர்ஸின் போர் அமைச்சரான மிசிசிப்பியின் ஜெஃபர்சன் டேவிஸ் ஏற்பாட்டில் வெள்ளை மாளிகையில் கூட்டம். ரத்து வாசகத்தைப் பியர்ஸே தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அமைச்சரவை முழுவதையும் கலந்தாலோசிக்கவில்லை.

விலை என்ன? அந்த ஆண்டுத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையின் வடக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 91லிருந்து 25 ஆனார்கள். கட்சிக்குள் தெற்கின் கை இன்னும் ஓங்கியது. அதுவரை எதிர்க்கட்சியாக இருந்த விக் கட்சி செத்தது, குடியரசுக் கட்சி பிறந்தது. ரயில் பாதை? போருக்கு முன் ஓர் அடிகூடப் போடவில்லை.

மணிமுத்தாறு | மார்ச் 5, இரவு 9.50

அப்போ டக்ளஸ்தான் வில்லனா?

தராசு | மார்ச் 6, காலை 7.35

ராத்திரியே ஆமாம் என்று எழுதி அழித்தேன். 1854ல் தீக்குச்சியைக் கிழித்தவர். 1857 டிசம்பரில் லெகாம்ப்டனை எதிர்த்துச் சொந்தக் கட்சி ஜனாதிபதியோடு மோதியவரும் அவரே. அடிமை முறை ஓட்டில் வென்றாலும் தோற்றாலும் எனக்கு அக்கறையில்லை, ஓட்டு நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. அந்த "அக்கறையில்லை" என்பதைப் பிடித்துத்தான் 1858 முழுதும் லிங்கன் அடித்தார்.

இல்லினாயின் செனட் இருக்கைக்கு இருவருக்கும் போட்டி. ஏழு விவாதங்கள், ஆகஸ்ட் 21 முதல் அக்டோபர் 15 வரை. முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம், மற்றவருக்கு 90, மறுபடி முதலாமவருக்கு 30. ஃப்ரீபோர்ட்டில் லிங்கன் ஒரு கேள்வி வைத்தார்: ட்ரெட் ஸ்காட் தீர்ப்புக்குப் பிறகு ஒரு பிரதேசத்து மக்கள் சட்டப்படி அடிமை முறையை ஒதுக்க முடியுமா? முடியாது என்றால் இல்லினாய் போகும். முடியும் என்றால் தெற்கு போகும். உள்ளூர்க் காவல் சட்டங்கள் இல்லாமல் அடிமை முறை ஒரு நாள்கூட நிற்காது, அந்தச் சட்டங்களை இயற்ற மறுத்தால் போதும் என்றார் டக்ளஸ். இல்லினாய் சட்டமன்றம் 54–46 என்று அவரைத் தேர்ந்தது. தெற்கு போயிற்று.

லிங்கனைத் தூக்கிவைப்பவர்கள் சார்ல்ஸ்டன் விவாதத்தையும் படிக்கட்டும் (இல்லினாய் சார்ல்ஸ்டன், செப்டம்பர் 18). வெள்ளையரும் கறுப்பரும் சமூக, அரசியல் சமத்துவம் பெறுவதை நான் ஆதரிக்கவில்லை என்று அங்கே தெளிவாகச் சொன்னார்.

சிலேட்டு | மார்ச் 6, பகல் 2.10

1860க்கு வாருங்கள். எதிர்ப்பு ஓட்டு மூன்றாகப் பிரியாமல் இருந்திருந்தால் 39.8 சதவீதம் வாங்கிய லிங்கன் ஜெயித்திருப்பாரா? அதுவும் தெற்கே பத்து மாநிலங்களில் அவர் பெயரையே சீட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள்!

தராசு | மார்ச் 6, இரவு 9.05

இரண்டும் தவறு.

ஒன்று, கூட்டிப் பாருங்கள். லிங்கனுக்கு 180 தேர்வாளர் வாக்கு, பிரெக்கின்ரிட்ஜ் 72, பெல் 39, டக்ளஸ் 12. மூன்று எதிரிகளின் ஓட்டையும் ஒன்றாகச் சேர்த்தாலும் லிங்கன் இழப்பது கலிபோர்னியா 4, ஓரிகன் 3, நியூ ஜெர்சியில் அவருக்கு விழுந்த 4. மிச்சம் 169. தேவை 152. நம் ஊரில் "கூட்டணி அமைத்திருந்தால்" என்று போடும் கணக்கு அங்கே எடுபடாது.

இரண்டு, நீக்க எதுவும் இல்லை. அன்று அரசாங்கம் ஓட்டுச்சீட்டு அச்சடிக்காது. கட்சிதான் அச்சடித்து விநியோகிக்கும். வாக்காளர் அதைக் கொண்டுபோய்ப் போடுவார். ஒன்பது மாநிலங்களில் குடியரசுக் கட்சிச் சீட்டைக் கொடுக்க ஆளில்லை. இருந்தால் உயிரோடு ஊர் திரும்ப முடியாது. பத்தாவது தென் கரோலினா. அங்கே மக்கள் ஓட்டே கிடையாது, சட்டமன்றமே தேர்வாளர்களைத் தேர்ந்தது. வர்ஜீனியாவில் லிங்கனுக்கு 2,000க்குச் சற்றுக் குறைவாக விழுந்தது.

கட்டுமரம் | மார்ச் 6, இரவு 9.40

மூன்றில் இரண்டு விதி டக்ளஸையே கடித்ததையும் சேருங்கள். 1860ல் ஜனநாயகக் கட்சியின் தென் கரோலினா சார்ல்ஸ்டன் மாநாட்டில் 303 வாக்கு, தேவை 202. தெற்குப் பிரதிநிதிகள் வெளிநடப்பு செய்தபின்னும், இருப்பவர்களில் அல்ல, மொத்தத்தில் மூன்றில் இரண்டு வேண்டும் என்று தலைவர் குஷிங் தீர்ப்புச் சொன்னார். 57 சுற்று. பாதியைச் சற்றே தாண்டி அங்கேயே நின்றுவிட்டார்.

கருவேலம் | மார்ச் 7, காலை 6.20

புதியவன். இவ்வளவு பேசுகிறீர்கள், போர் மாநில உரிமைக்காக என்றுதானே தெற்கத்தியர் சொல்கிறார்கள்? மாநில சுயாட்சி பேசும் நமக்கு அதில் ஓர் ஈர்ப்பு வரத்தானே செய்யும்.

தராசு | மார்ச் 7, காலை 8.00

வாங்க. அவர்கள் அன்று எழுதியதையே பாருங்கள். தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட பிரகடனத்தின் பெரிய புகார், வடக்கு மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களால் ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பது. அதாவது வடக்கு மாநிலங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்திவிட்டன என்று புகார்! மத்திய அரசு தலையிட்டு அதை அடக்கவில்லை என்று கோபம். 1860 பிப்ரவரியில், அப்போது செனட்டரான டேவிஸ் கொண்டுவந்த தீர்மானங்கள், தேவைப்பட்டால் பிரதேசங்களில் அடிமைச் சொத்தை மத்திய அரசே பாதுகாக்க வேண்டும் என்றன. மிசிசிப்பிப் பிரகடனம் சுற்றி வளைக்கவே இல்லை. எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பின்னியது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. சுயாட்சி நல்ல கொள்கை. அவர்கள் கையில் இருந்தது அது இல்லை.

கருவேலம் | மார்ச் 7, காலை 8.25

நன்றி. பிரிட்டன் மாதிரி விலை கொடுத்து விடுவித்திருக்கலாமே?

தராசு | மார்ச் 7, இரவு 10.00

பிரிட்டன் 1833 சட்டத்தில் ஒதுக்கியது 2 கோடி பவுண்டு, சுமார் 8 லட்சம் பேருக்கு. பணம் போனது உடைமையாளர்களுக்கு. (கும்பினி ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. இந்தியாவுக்கு 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். இது தனி இழை போட வேண்டிய விஷயம்.) அமெரிக்காவில் 1860ல் அடிமைகள் 39,53,760 பேர். சந்தை விலை சுமார் 300 கோடி டாலர் என்று மதிப்பிடுவார்கள். மத்திய அரசின் ஓராண்டுச் செலவு சுமார் 6 கோடி. கணக்கு அங்கேயே நொண்டுகிறது. வாங்க ஆள் இருந்தாலும் விற்க ஆள் இல்லை. 1861 இறுதியில் லிங்கன் டெலவேர் மாநிலத்துக்கு இப்படி ஒரு திட்டத்தை நீட்டினார். அங்கே மொத்தமே 1,798 அடிமைகள். அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மணிமுத்தாறு | மார்ச் 8, காலை 7.15

கடைசிக் குளிர்காலத்திலாவது புக்கானன் கையாலாகாதவர்தானே? பிரிந்து போவது சட்டவிரோதம், ஆனால் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று டிசம்பர் 3 செய்தியில் சொன்னவர். இதற்காவது என் களிமண்ணைத் திருப்பிக் கொடுங்கள்.

தராசு | மார்ச் 8, பகல் 11.40

பாதி தருகிறேன். தேர்தல் நவம்பர் 6, புதியவர் பதவியேற்பு மார்ச் 4. நான்கு மாத இடைவெளியில் ஏழு மாநிலங்கள் போயின. ராணுவம் மொத்தமே சுமார் 16,000 பேர், பெரும்பாலும் மேற்கு எல்லைக் கோட்டைகளில். அமைச்சரவையில் ஜார்ஜியாவின் காப், வர்ஜீனியாவின் ஃப்ளாய்ட். டிசம்பரில் இருவரும் விலகினார்கள், நாடு பிரியக் கூடாது என்ற பிளாக், ஸ்டான்டன், ஹோல்ட் முன்னுக்கு வந்தார்கள். அதன்பின் புக்கானன் கொஞ்சம் நிமிர்ந்தார். மேஜர் ஆண்டர்சனை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்து சம்டர் கோட்டையிலிருந்து பின்வாங்கச் சொல்ல மறுத்தார். ஜனவரியில் ஒரு நிவாரணக் கப்பல் அனுப்பினார்; கரையிலிருந்து சுட்டதும் அது திரும்பிவிட்டது.

லிங்கனும் அந்த நான்கு மாதத்தின் பெரும்பகுதியில் பொதுவில் கொள்கை பற்றி வாய் திறக்கவில்லை. தனிக் கடிதங்களில் மட்டும் கண்டிப்பு: அடிமை முறையின் விரிவாக்கத்தில் சமரசம் கிடையாது. செனட்டர் கிரிட்டன்டனின் சமரசத் திட்டம் 36 பாகை 30 கலைக் கோட்டைக் கடல்வரை நீட்டி, அதற்குத் தெற்கே அடிமை முறையை அனுமதித்தது, இனி கிடைக்கும் நிலத்துக்கும் சேர்த்து வைத்தது. இனி கிடைக்கும் நிலம் என்றால் கியூபா, மெக்சிகோ. அதனால்தான் லிங்கன் மறுத்தார். மார்ச் 2ல் செனட்டில் 19–20 என்று தோற்றது.

சிலேட்டு | மார்ச் 8, இரவு 8.30

ஆனால் அதே நாள் கார்வின் திருத்தம் நிறைவேறியதே? அதை லிங்கன் எதிர்க்கவில்லையே?

தராசு | மார்ச் 8, இரவு 9.55

எதிர்க்கவில்லை, பதவியேற்பு உரையில் ஆட்சேபம் இல்லை என்றே சொன்னார். மாநிலங்களுக்குள் உள்ள அடிமை முறையைக் காங்கிரஸ் என்றைக்கும் தொடக்கூடாது என்ற திருத்தம். சபையில் 133–65, செனட்டில் 24–12, மூன்றில் இரண்டு சரியாக வந்தது. போன ஏழு மாநிலங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களுக்கு இருப்பதைக் காப்பது போதவில்லை, விரிய வேண்டும். நான் முதலிலிருந்தே தலைவர்களை விட்டு விதிகளைப் பார் என்றேன். இங்கே விதியும் தயார், தலைவரும் தயார், கேட்டவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. என் வாதத்தில் இந்த இடம் ஓட்டைதான். சல்லடை எல்லாவற்றையும் விளக்கவில்லை.

தராசு | மார்ச் 9, காலை 6.50

விட்டுப்போன ஒன்று. கார்வின் திருத்தத்தில் "அடிமை" என்ற சொல் கிடையாது. சட்டப்படி உழைப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சுற்றி வளைக்கிறது, 1787 மூலச் சட்டம் போலவே. தெற்கு 1861ல் தனக்கு எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்தில் அந்தச் சொல் நேராகவே இருக்கிறது. கார்வின் திருத்தத்துக்குக் காலக்கெடு விதிக்கவில்லை. காங்கிரஸ் அதைத் திரும்பப் பெறவும் இல்லை. ஏட்டளவில் இன்றும் மாநிலங்களின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.